ஒரே தடவை கூப்பிட்ட குரல்

அன்னைக்கு இந்த அறைக்குள்ள இருந்தது நாலு பேரு. செய்யது அண்ணாச்சி, ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தவரு. ஞானதீபம் டீச்சர். குத்தாலம் அண்ணாச்சி, பஸ்ஸுல கண்டக்டரா இருந்து ஓய்வு வாங்கினவரு. நாலாவது நான், உலகம்மாள். கீழே வாசல்ல பூக்காரி சண்முகவடிவு உக்காந்திருந்தா. அவளைச் சேத்தா அஞ்சு. ஆனா அவ கதவுக்கு வெளிய. அதனால அவளைத் தனியாத்தான் வைக்கணும்.

இன்னைக்கு ரெண்டு பேரு. நீங்களும் நானும்.

பயப்படாதீங்கம்மா, உக்காருங்க. அந்தச் சன்னல் திண்டுல உக்காரலாம், காலையிலதான் துடைச்சேன். கதவைப் போட்டு இழுக்காதீங்க. கைப்பிடி கையோட வந்துரும், அதுக்கும் வீட்டுச் சொந்தக்காரன் ராமசுப்பு என்னையத்தான் கேப்பான்.

ஒண்ணுமில்ல, வெளிக்கொண்டி விழுந்துருச்சு. இந்தக் கதவுக்கு வெளிய பழைய காலத்து இரும்புக் கொண்டி ஒண்ணு நட்டமா நிக்கும். சாரல் காலத்துல மேலக்காத்து வந்து கதவை அறைஞ்சா, அந்த அதிர்ச்சியில கொண்டி சாஞ்சு நேரா நாதாங்கியில போய் உக்காந்துரும். கையால மாட்டினாக்கூட அவ்வளவு கச்சிதமா மாட்டாது. நான் எப்பவும் ஒரு செங்கல்லை அண்டைகொடுப்பேன். இன்னைக்கு நீங்க தண்ணி எப்படி வருதுன்னு கேட்டீங்க, நான் குழாயைத் திறந்து காட்டப் போயிட்டேன். தண்ணி நல்லாத்தான் வருது. அதைப் பாத்துட்டீங்க.

உங்க பை கீழ என் அடுக்களையில இருக்கு. போனும் அதுலதான். என் போனும் அங்கதான் கிடக்கு. பையை வச்சுட்டு வாங்க, வந்து காப்பி குடிக்கலாம்னு நான்தான் சொன்னேன். அதுவும் என் தப்புதான்.

நான் அதிகம் பேசுறவ இல்லம்மா. ராமசுப்புகூட போன்ல அதைத்தான் சொன்னான். எனக்கு அவன் தூரத்து மருமகன் முறை, மெட்ராஸ்ல இருக்கான். "அத்தை, வாடகைக்குக் கேட்டு வர்றவங்களுக்கு வீட்டைக் காட்டுங்க, வாயைக் காட்டாதீங்க"ன்னான். சரிப்பான்னேன். ஆனா கொண்டி விழுந்தபிறகு சொல்லாம இருந்தா நீங்க வேற என்னமோ நினைப்பீங்க. நீங்க தபால் ஆபீஸ்காரங்க. நாளைக்கே பஜார்ல யாராவது "அந்த மாடியா? அங்க நாலு பேய் இருக்கே"ன்னு சொல்லுவாங்க. நாலுன்னு சரியாச் சொல்லுவாங்க, மூணுன்னும் சொல்ல மாட்டாங்க, அஞ்சுன்னும் சொல்ல மாட்டாங்க. அந்தக் கணக்கு மட்டும் ஊருக்குத் தப்பல.

அந்த நாலும் யாருன்னுதான் இப்பச் சொன்னேன்.

மொதல்ல இங்க இருந்ததா சொன்னது ஒரு பேய்தான். முன்னால குடியிருந்த மில்லுக்காரக் குடும்பம், ரெண்டு தடவை உள்ள மாட்டிக்கிட்டாங்க. ஏதோ ஒண்ணு வெளியில நின்னு கொண்டியப் போடுதுன்னு சொல்லிட்டு, பாலு காய்ச்சின சட்டியைக்கூட எடுக்காம காலி பண்ணிட்டாங்க. அந்தச் சட்டி இன்னும் என்கிட்டதான் இருக்கு.

அப்ப செய்யது அண்ணாச்சி கடையில ஒரு சங்கம் மாதிரி. சங்கம்னா பலகை கிலகையெல்லாம் இல்ல. பேய் இருக்குன்னு எங்கயாவது சொன்னா, போயி இருக்கா இல்லையான்னு பாத்துட்டு வரணும். அவ்வளவுதான். ராத்திரி போக மாட்டாங்க. குத்தாலம் அண்ணாச்சிக்கு ராத்திரியில கண்ணு தெரியாது, டீச்சருக்கு ஏழு மணிக்கு ஜெபம். அதனால உச்சிவேளை. அது தப்பில்லம்மா, உச்சிவேளைப் பேய்தான் இந்தப் பக்கத்துல பெரிய பேய். வெயில்ல வருத பேய்க்கு இருட்டுல வருதது எல்லாம் எடுபிடி.

டீச்சர் வேலை பாத்த பள்ளிக்கூடத்துலதான் நான் சத்துணவு சமைச்சேன். ரெண்டு ஆம்பளைக கூடத் தனியாப் போக டீச்சருக்குக் கூச்சம். "உலகம்மா, நீயும் வா, சோறு கட்டிக்கிட்டு வா"ன்னாங்க. எனக்கு அதுல பெரிய விருப்பமெல்லாம் கிடையாது. சோத்துக்காகத்தான் போனேன். எலுமிச்சம் சாதம், அவிச்ச முட்டை. போறதுக்கு மொத நாளே எலுமிச்சம்பழம் பாத்து வாங்கி வச்சிருவேன். வெளிய போறோமேன்னு ஒரு செருப்பும் வாங்கினேன். அது தேவைதானே, கல்லும் முள்ளுமா இருக்கும்.

ரயில்வே கேட் பக்கத்துப் புளியமரத்துல கொலுசுச் சத்தம் கேக்குதுன்னாங்க. போய்ப் பாத்தா, வௌவால் விரட்ட எவனோ டப்பா மூடியைக் கட்டி விட்டிருக்கான். பண்பொழி போற வழியில ஒரு கிணத்துல பொம்பளை அழுதான்னாங்க. அது பழைய பம்புசெட்டு. "இவ்வளவு அழுதும் ஒருத்தன் கிரீஸ் போடலையே"ன்னு குத்தாலம் அண்ணாச்சி அதைத் தடவிக் கொடுத்தாரு. எந்தப் பாழடைஞ்ச இடத்துக்குள்ள போனாலும் அவருக்கு ஒரு வழக்கம். வாசல்ல நின்னு விசிலை ஊதி, "உள்ள டிக்கெட் எடுக்காதவங்க யாராவது இருந்தா எந்திரிச்சிருங்க!"ன்னு கத்துவாரு. டீச்சர் சிலுவை போட்டுக்கிட்டே சிரிப்பாங்க. பேய் இல்லைன்னு நிரூபிக்கத்தான் அவங்க வந்தது. இருந்துட்டா என்ன செய்யன்னு சிலுவையும் போட்டுக்குவாங்க.

அந்தக் கிணத்து மேட்டுல சாப்பிடும்போதுதான் டீச்சர் அந்தச் சாத்திரத்தைச் சொன்னாங்க. உங்க ஊர்லயும் இருக்குமே? உச்சிவேளையில யாராவது பேரைச் சொல்லிக் கூப்பிட்டா உடனே என்னன்னு கேக்கக் கூடாது. பேய் ரெண்டு தடவைதான் கூப்பிடும். மூணாவதா அதே குரல் கூப்பிட்டா அது மனுசன், ஏன்னு கேக்கலாம். "பேய்க்கு ரெண்டுக்கு மேல எண்ணத் தெரியாதோ? அதையும் சத்துணவுக்கு அனுப்பிருக்கணும்"னு குத்தாலம் அண்ணாச்சி சொன்னாரு. நாங்க நாலு பேரும் சிரிச்சோம்.

அந்தச் சிரிப்பை நினைச்சாத்தான் எனக்கு ஆத்திரமா வருது.

அப்புறம் இந்த வீட்டு முறை. ராமசுப்புதான் கேட்டான். "அத்தை, உங்க கூட்டாளிகளைக் கூட்டிட்டுப் போய் அங்க ஒண்ணுமில்லைன்னு நாலு பேருகிட்டச் சொல்லச் சொல்லுங்க, இல்லாட்டா மாடிக்கு ஆளு வராது"ன்னான். கீழ்வீட்டுல என்னைச் சும்மா இருக்க விட்டிருக்கான், கேட்டா செய்யணுமில்லையா.

செய்யது அண்ணாச்சி பேய் பிடிக்க ஒரு மெஷின் பண்ணி வச்சிருந்தாரு. பழைய டிரான்சிஸ்டர் பெட்டி, அதுல ரெண்டு கம்பி நீட்டிக்கிட்டிருக்கும். பேய் பக்கத்துல போனா கீச்சுன்னு கத்தணும். ஆனா போன் பக்கத்துல போனாலும் கத்தும். அதனால அவரு ஒரு சட்டம் போட்டாரு, போனெல்லாம் உள்ள வரக் கூடாது. நாலு போனையும் வாங்கி என் தூக்குச்சட்டியில போட்டு, மூடியை அமுக்கி, கீழ அடுக்களையில வச்சேன். பாத்தீங்களா, உலகத்துல வேற யாரும் இப்படிச் செய்ய மாட்டாங்க. நான் சட்டிக்கு மேல ஒரு தட்டும் கவுத்தினேன்.

தெருவுக்குத் தெரியாம பின்வாசல் வழியாத்தான் மூணு பேரும் வந்திருந்தாங்க, அப்படியே மேல வந்தோம். குத்தாலம் அண்ணாச்சி விசில் ஊதினாரு. மெஷினைப் பிடிச்சுக்கிட்டு செய்யது அண்ணாச்சி சுவரோரமா நடந்தாரு. ஒரு சத்தமும் இல்ல. டீச்சர் பக்கத்துல வந்ததும் கீச்சுன்னு ஒரே கத்து. தள்ளிப் போனா நிக்குது, கிட்ட வந்தா கத்துது.

"அப்ப நான்தான் பேயா, செய்யது?"ன்னு டீச்சர் கேட்டாங்க.

"மெஷின் பொய் சொல்லாது டீச்சர்"னு குத்தாலம் அண்ணாச்சி சொன்னாரு. "முப்பது வருசமா பிள்ளைகளும் அதைத்தான் சொல்லிச்சு."

கடைசியில பாத்தா டீச்சர் காதுல மாட்டியிருந்த மெஷினுக்குத்தான் இந்த மெஷின் கத்தியிருக்கு. அவங்க அதைக் கழட்டி இடுப்புல செருகிக்கிட்டாங்க. அதுக்கப்புறம் அவங்களுக்கு ஒண்ணும் கேக்கல.

அப்பத்தான் காத்து அடிச்சது. கதவு அறைஞ்சது. கொண்டி விழுந்த சத்தம் எனக்கு நல்லாக் கேட்டுச்சு. இன்னைக்குக் கேட்டதே, அதே சத்தம்.

மொதல்ல சந்தோசப்பட்டோம்மா, பொய் சொல்லக் கூடாது. "அகப்பட்டுருச்சு!"ன்னு செய்யது அண்ணாச்சி துள்ளுனாரு. பேயி கொண்டியப் போடல, காத்துதான் போடுதுன்னு காதால கேட்டாச்சு. இருந்த ஒரு பேயும் தீந்துச்சு. அதைக் கொண்டாட முட்டையை உரிச்சோம். தின்னு முடிச்ச பிறகுதான், இனி எப்படி வெளிய போறதுன்னு யோசிச்சோம்.

நீங்களே பாருங்க. மேலப்பக்கச் சன்னலைத் திறந்தா அரிசி ஆலைச் சுவரு. தெருப்பக்கம் சன்னலே இல்ல, உச்சியில அந்தக் காத்துத் துவாரம் மட்டும்தான். ஏறிப் பாக்க முடியாது, ஆனா பேச்சு போகும். அதுக்கு நேரா கீழதான் சண்முகவடிவு உக்காந்து பூக் கட்டுதா. அன்னைக்கும் அங்கதான் இருந்தா.

குத்தாலம் அண்ணாச்சி கத்தப் போனாரு. செய்யது அண்ணாச்சி தடுத்துட்டாரு. அவரு எதையும் முறையாச் செய்யணும்பாரு. "எல்லாரும் சேந்து கத்துனா தொண்டை போயிரும். முறை வச்சுக் கூப்பிடுவோம். ஆளுக்கு ரெண்டு"ன்னாரு.

ஆளுக்கு ரெண்டு!

மொதல்ல அவரு, "சண்முகவடிவு! சண்முகவடிவு!" அப்புறம் குத்தாலம் அண்ணாச்சி ரெண்டு. அப்புறம் டீச்சர் ரெண்டு, காதுல மெஷின் இல்லாததால அவங்க குரல் வேற மாதிரி இழுத்துக்கிட்டுப் போச்சு. கடைசியில நான். நாலு பேரு, தலைக்கு ரெண்டு, எட்டு வரணும். ஏழுதான் வந்துச்சு. நான் ஒரு தடவைதான் கூப்பிட்டேன். ரெண்டாவதுக்கு வாயைத் திறந்தேன், வரல. எனக்குச் சத்தம் போட்டுப் பழக்கமில்ல. பள்ளிக்கூடத்துலகூட தட்டைத் தட்டித்தான் பிள்ளைகளைக் கூப்பிடுவேன்.

கீழ என்ன நடந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. உச்சிவேளை. பேய் வீடு. ஒரு குரல் ரெண்டு தடவை கூப்பிடுது, மூணாவதுக்கு இவ காத்திருக்கா, வரல. இன்னொரு குரல், ரெண்டு தடவை. இன்னொண்ணு, ரெண்டு. நாலாவது ஒண்ணு, ஒரே தடவை, பாதியில நின்னுபோச்சு. சண்முகவடிவு பூக்கூடையை விட்டுட்டு ஓடுனா. அவ போட்ட சத்தத்துல தெருவே கூடிருச்சு.

நாங்க, சரி, ஆளு வருதுன்னு நினைச்சுச் சும்மா இருந்தோம். வந்தது ஆளு இல்ல, உப்பு. பேயை விரட்ட யாரோ வீசி, அந்தத் துவாரம் வழியா ஒரு பொட்டலம் உப்பு வந்து டீச்சர் தலையில விழுந்துச்சு. அப்புறம் ஒரு எலுமிச்சம்பழம். "நல்லதா இருக்கே, இது ஏது உலகம்மா?"ன்னு டீச்சர் கேட்டாங்க, அவங்களுக்குத்தான் ஒண்ணும் கேக்கலையே. குத்தாலம் அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துருச்சு. வந்த சிரிப்பு நிக்கல. சுவரைப் பிடிச்சுக்கிட்டு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, ஊளையிடுத மாதிரி சிரிக்காரு. அந்தச் சிரிப்பும் துவாரம் வழியா வெளிய போச்சு. கதவைத் தட்டினோம், அதுவும் போச்சு.

கீழ ஒரு பெரியவரு சொன்னது எனக்குத் தெளிவாக் கேட்டுச்சு. "ரெண்டு ரெண்டு தடவைதான் கூப்பிடுது. மனுசன்னா மூணாவது கூப்பிடுமில்லா?"

அப்பத்தான் எங்களுக்கு உறைச்சது. ஊர் ஊராப் போய் அந்தச் சாத்திரத்தை எல்லாம் பொறுக்கி, பேசி, சிரிச்சது நாங்க. எங்க நாலு பேருக்கு மட்டும்தான் அது மறந்துபோச்சு.

செய்யது அண்ணாச்சிக்குத் தொண்டை கம்மிருச்சு. குத்தாலம் அண்ணாச்சி சிரிப்பை நிறுத்த முடியாம உக்காந்துட்டாரு. டீச்சர் மெஷினைத் திருப்பி மாட்டிக்கிட்டு என்னையப் பாத்தாங்க. "நீ கூப்பிடு உலகம்மா. அவ உன் கூட்டாளி. நான்தான் உலகம்மான்னு சொல்லிக் கூப்பிடு. உன் குரலுக்கு வந்துருவா"ன்னாங்க.

எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு.

இல்லம்மா, நெசமாத்தான். கீழ தெருவே நிக்குது. ஆம்பளை, பொம்பளை, பால்காரரு, எல்லாரும். மேல பூட்டின வீட்டுக்குள்ள நான். கூட ரெண்டு ஆம்பளை. டீச்சர் இருக்காங்கதான். ஆனா எங்க வீட்டுக்காரரு போனபிறகு நான் வாசல்ல நின்னுகூடப் பேசினது கிடையாது. நான்தான் உலகம்மான்னு எப்படிச் சொல்ல? தொண்டை கட்டியிருந்துச்சு. அதுக்குள்ள ஆலையும் ஓட ஆரம்பிச்சிருச்சு. யாரு கூப்பிட்டாலும் கேட்டிருக்காது.

எங்களைத் திறந்து விட்டது குத்தாலம் அண்ணாச்சி பொண்டாட்டி மாரிச்செல்வி. அவுகளுக்குப் பேய் மேல நம்பிக்கை கிடையாது, புருசன் மேலயும் கிடையாது. சாப்பாட்டுக்கு வரலேன்னதும் வாய்க்கால் சந்து வழியா பின்வாசல்ல வந்து, மாடிப்படி ஏறி, ஒரே தட்டுல கொண்டியத் தூக்கிட்டாக. எங்க நாலு பேரையும் மேலயிருந்து கீழ வரை பாத்தாக.

"பேயைத் தேடித் தெருத் தெருவா அலைஞ்சீகளே, வீட்டுக்கு ஒரு கண்ணாடி வாங்கிருந்தாப் போதாதா?"ன்னாக. அதோட விடல. "இப்படியே சோடி சோடியா முன்வாசல்ல இறங்கினீகன்னா ஊரு நாறிப்போகும். சந்து வழியா ஒவ்வொருத்தரா போங்க. டீச்சர், நீங்க மொதல்ல. உலகம்மா மைனி, நீங்க வீட்டுக்குள்ள போயி தலைவலின்னு படுத்துக்கிடுங்க."

அப்படியே செஞ்சோம். நாலு தைரியசாலிக சேந்து ஏணியைப் போட்டு இந்தத் துவாரம் வழியா எட்டிப் பாத்தாங்களாம். கதவு விரியத் திறந்து கிடக்கு. உள்ள ஒரு ஆளும் இல்ல. தரையில முட்டை ஓடு மட்டும். வேற என்ன வேணும் ஊருக்கு?

மறுநாள் சண்முகவடிவு எனக்குப் பூ கொண்டாந்தா, முகமெல்லாம் வீங்கி. "மைனி, நாலு குரலு. கடைசியா ஒண்ணு, அப்படியே உங்க குரலு மாதிரி. ஒரே தடவைதான் கூப்பிட்டுச்சு. நீங்க தலைவலின்னு படுத்திருந்தீங்க, நல்லவேளை"ன்னா.

அப்படியான்னேன்.

வேற என்ன சொல்ல? பயந்தவ அவ. ஆளுக்கு ரெண்டுன்னு சட்டம் போட்டது செய்யது அண்ணாச்சி. சிரிச்சது குத்தாலம் அண்ணாச்சி. சந்து வழியா அனுப்பினது மாரிச்செல்வி. இவ்வளவு பேரு சேந்து ஒரு வீட்டைக் கெடுத்தா நான் ஒருத்தி என்ன செய்ய முடியும்? கொண்டியக் கழட்டச் சொல்லி ஆசாரியக் கூப்பிட்டேன். படி வரைக்கும் வந்தாரு, உளியை நான் வேணும்னா வச்சுக்கிடச் சொன்னாரு.

செய்யது அண்ணாச்சி போன தையில தவறிட்டாரு. டீச்சரை நாகர்கோவிலுக்கு மக கூட்டிட்டுப் போயிட்டா. குத்தாலம் அண்ணாச்சியை மாரிச்செல்வி வாசப்படி தாண்ட விடுறதில்ல. ஊரு சொல்லுத நாலு பேயில இங்க இருக்கது நான்தான்.

ராமசுப்பு சொல்லிட்டான். ஆவணிக்குள்ள மாடிக்கு ஆளு வரலேன்னா வீட்டை இடிச்சு மனையா வித்துருவானாம். அவன் மேல தப்பு சொல்ல மாட்டேன். வித்துட்டா நான் திருப்பூருக்கு மகன்கிட்டப் போகணும். நல்ல பையன். மருமகளும் நல்லவ. ரெண்டு பேரும் கம்பெனி வேலைக்குப் போவாங்க. வீட்டுக்கு ஒரே சாவி. அதனால நான் போயிருந்தப்ப வெளிய பூட்டிட்டுப் போனாங்க. சாயங்காலம் வரை நல்லாத்தான் இருந்தேன், ஒரு குறையும் இல்ல, சோறு இருந்துச்சு, டிவி இருந்துச்சு. அங்க கொண்டி இல்லம்மா. பூட்டு.

என்ன கேட்டீங்க? மறுநாள் ஏன் சண்முகவடிவுகிட்டச் சொல்லலைன்னா?

சொன்னேனே, தொண்டை.

மறுநாளா? மறுநாள் தொண்டை... சரியாத்தான் இருந்துச்சு.

நீங்க சிரிக்கீங்களா, கோவமா இருக்கீங்களான்னு தெரியல. உங்களைப் பயமுறுத்தணும்னு சொல்லல. ராமசுப்புக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுருவான். என்ன? வீடு பிடிச்சிருக்கா? இன்னொரு தடவை சொல்லுங்க.

ஓ. பேய்க்கு நீங்க பயப்படல. ஆனா பால்காரரு படி ஏற மாட்டாரு, உங்க பிள்ளைகூட விளையாட எந்தப் பிள்ளையும் மேல வராது, அப்படி ஒரு வீட்டுல எப்படி இருக்கன்னு கேக்கீங்க. நியாயம்தான். அந்தக் குரல் நான்தான்னு தெருவுக்குத் தெரிஞ்சா, நாளைக்கே சாமானை இறக்குறேங்கீங்க. அதுவும் நியாயம்தான்.

வேண்டாம், நீங்க கூப்பிடாதீங்க! உங்க குரல் இந்தத் தெருவுக்குப் புதுசு. அஞ்சாவது பேயாயிரும். நான்தான் கூப்பிடணும். ஒரே குரல், மூணு தடவை.

நேரத்தைப் பாருங்க, சரியா உச்சிவேளைக்கு வந்து மாட்டியிருக்கோம். ஆலை இன்னும் ஓடல. கீழ சண்முகவடிவு பேச்சு கேக்குது பாருங்க, பிச்சிப்பூக்காரன்கூடச் சண்டை போடுதா. கொஞ்சம் இருங்க, சேலையைச் சரி பண்ணிக்கிடுதேன். கீழ யாருக்கும் தெரியாதுதான். இருந்தாலும்.

சண்முகவடிவு!

ஒண்ணு.

பாத்தீங்களா, பேச்சு நின்னுபோச்சு. தெருவே நின்னுபோச்சு. யாரோ சைக்கிளை நிறுத்துறாங்க. இவ்வளவுதான் அன்னைக்கு நான் கூப்பிட்டது, இதோட நிறுத்திட்டேன். என் கையைப் பிடிச்சுக்கிடுங்க. குளிருதா உங்களுக்கு? என் கைதான் போல.

சண்முகவடிவு!

ரெண்டு.

கூடை சரியுத சத்தம். எந்திரிச்சிட்டா. ஆனா ஓடல, கேளுங்க, செருப்புச் சத்தம் இல்ல. நிக்கா. அண்ணாந்து இந்தத் துவாரத்தைத்தான் பாத்துக்கிட்டு நிப்பா. எண்ணிக்கிட்டு நிப்பா.

நான்தான் உலகம்மான்னு சேத்துச் சொல்லணும், இல்லையா? பேரோட. தெருவே கேக்கட்டும்.

இருங்க, மூச்சை இழுத்துக்கிடுதேன். ரெண்டு முடிஞ்சது. மீதி ஒண்ணுதான்.